நாடு மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க முடியாது

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நாங்கள் மூன்று மாசம் தவணை கட்டாவிட்டால் பேங்க்காரர்கள் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். இலங்கை 2022-ல் 'இப்போதைக்கு வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது' என்று அறிவித்துவிட்டு அதுபாட்டுக்கு இருந்தது. ஒரு நாட்டின் கேட்டில் யார் நோட்டீஸ் ஒட்டுவது? இலங்கை மேல் நியூயார்க் கோர்ட்டில் வழக்கு நடப்பதாகவும் படித்தேன். கொழும்பு வாங்கிய கடனுக்கு நியூயார்க்கில் ஏன் வழக்கு? நாளைக்கு நமக்கும் இது வருமா?"

நல்ல கேள்வி. நான் ஈரோடு கோர்ட்டில் புரோநோட்டு வழக்குகளில் தொழில் பழகியவன். பிற்பாடு ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் பல வருஷம் வெளிநாட்டுக் கடன்பத்திர ஒப்பந்தங்களைப் படிப்பதே வேலையாக இருந்தது. அதனால் நம்ம ஊர்க் கதை ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் கடனில் மாட்டிக்கொண்டார். கடன் கொடுத்தவர்கள் இருபது பேருக்கு மேல். பாய்லருக்கு விறகு போட்டவர், உப்பு லாரிக்காரர், கலர் கெமிக்கல் கொடுத்தவர்கள், கைமாத்தாகப் பணம் கொடுத்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய குடோனில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பேசிப் பேசி, ரூபாய்க்கு 40 பைசா, 18 மாசத்தில் என்று பைசல் ஆனது. கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒருவர் மட்டும் பேனாவை வாங்கவில்லை. கெமிக்கல் வியாபாரி. "எனக்கு முழுசா வேணுமுங்க. மத்தவங்க வாங்கிக்கட்டும், நான் தடுக்கலீங்க" என்றார். அவர் கையில் தன்னுடைய பாக்கி மட்டும் இல்லை. சலித்துப் போயிருந்த இரண்டு பேரின் புரோநோட்டுகளையும் ரூபாய்க்கு 20 பைசா கொடுத்து மேடோவர் எழுதி, அதாவது தன் பேருக்கு மாற்றி, வாங்கி வைத்திருந்தார்.

விறகுக்காரர் வயசானவர், அதுவரை வாயே திறக்கவில்லை. அவர்தான் பட்டறைக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, நாங்க 60 பைசா விட்டுக் கொடுக்கறது உங்களுக்கா, அவருக்கா?"

உலகக் கடன் சந்தையில் நூறு வருஷமாகத் தீராத சிக்கல் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எல்லாரும் விட்டுக்கொடுத்தால்தான் கடனாளி எழுந்து நிற்க முடியும். ஆனால் எல்லாரும் விட்டுக்கொடுக்கும்போது ஒருவர் மட்டும் பிடித்து நின்றால், மற்றவர்கள் விட்ட பணம் அவர் பைக்குப் போகும். அது தெரிந்தால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு குடோனில் அது எப்படித் தீர்ந்தது? பட்டறைக்காரர் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்படின்னா நான் ஐ.பி. போட்டுடறேனுங்க." அதாவது மஞ்சள் நோட்டீஸ். 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டப்படி சொத்து முழுக்க கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விடும். ஒரே தரத்துக் கடன்காரர்கள் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பங்கு. பிடித்து நிற்பவருக்கும் அதே பங்குதான். கெமிக்கல்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 40 பைசாவே மேல் என்று கையெழுத்துப் போட்டார். கம்பெனிகளுக்கு இப்போது 2016-ம் வருஷத்துத் திவால் சட்டம் இருக்கிறது. அதில் நிதிக் கடன் கொடுத்தவர்களில் 66 சதவீத வாக்கு இருந்தால் தீர்வுத் திட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

நாட்டுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு நாடு மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க உலகத்தில் எந்தக் கோர்ட்டும் இல்லை. நாடாளுமன்றத்தை ரிசீவர் கையில் ஒப்படைக்க முடியாது; வரி வசூலிக்கும் உரிமையை ஏலம் விட முடியாது. 2001 நவம்பரில் சர்வதேச நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் க்ரூகர், நாடுகளுக்கும் திவால் நடைமுறை மாதிரி ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை, கடன் வாங்கும் பெரிய நாடுகளே கூட ஆதரிக்கவில்லை. 2003-ல் அது கைவிடப்பட்டது. சட்டம் செய்ய வேண்டிய வேலை இதனால் ஒப்பந்தத் தாளில் இருக்கும் வார்த்தைகள் தலையில் விழுந்தது. கடன் வாங்கும் நாளில் யாரும் ஊன்றிப் படிக்காத நாலைந்து ஷரத்துகள், கடன் முறியும் நாளில் கோடிக்கணக்கான ஜனங்களின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மீதியெல்லாம் அந்த ஷரத்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதன் விளக்கம்.

முதலில், நாட்டின் மேல் வழக்கே போட முடியுமா என்ற கேள்வி. அந்தக் காலத்தில் வழக்கெல்லாம் கிடையாது, போர்க்கப்பல்தான். 1902-ல் வெனிசுவேலா கடன் கட்டவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் கப்பல் படையை அனுப்பித் துறைமுகங்களை அடைத்தன. ஒரு நாட்டின் கோர்ட் இன்னொரு நாட்டை விசாரிக்கக் கூடாது என்பது அப்போதைய மரபு. அமெரிக்கா 1976-லும் பிரிட்டன் 1978-லும் சட்டம் போட்டு அதைத் தளர்த்தின: அரசாங்கமே ஆனாலும் வியாபாரம் செய்தால் வியாபாரியாகத்தான் நடத்துவோம் என்றன. கடன்பத்திரம் விற்பது அரசாங்கக் காரியமா, வியாபாரமா? வெல்டோவர் என்ற வழக்கில் 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது வியாபாரம்தான் என்று தீர்த்தது. அந்த வழக்கில் எதிரி அர்ஜென்டினா. இந்தப் பேர் திரும்பத் திரும்ப வரும்.

இது போதாதென்று, பத்திரத்திலேயே "எங்கள் அரசு விலக்குரிமையை விட்டுக்கொடுக்கிறோம், வழக்கு வந்தால் நியூயார்க் அல்லது லண்டன் கோர்ட்டுக்குக் கட்டுப்படுகிறோம், அந்த ஊர்ச் சட்டமே செல்லும்" என்று எழுதிக் கொடுத்துத்தான் நாடுகள் கடன் வாங்குகின்றன. கொழும்புக் கடனுக்கு நியூயார்க்கில் வழக்கு வருவதற்குக் காரணம் இதுதான். கடன் கொடுப்பவருடைய பயம் நியாயமானது: கடனாளியின் சொந்த ஊர்ச் சட்டத்தில் பத்திரம் இருந்தால், சட்டத்தையே கடனாளி மாற்றிவிடலாம்.

கிரேக்கம் அப்படித்தான் செய்தது. 2012-ல் அது சுமார் 20,000 கோடி யூரோ கடன்பத்திரங்களைப் புது பத்திரங்களாக மாற்ற வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி கிரேக்கச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, 'பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் எல்லாரையும் கட்டும்' என்ற ஷரத்தைப் பழைய பத்திரங்களுக்குள்ளே பின்தேதியிட்டு நுழைத்தது. மார்ச்சில் முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் அசலில், 53.5 சதவீதம் கழிந்தது. ஆனால் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் இருந்த பத்திரங்களைத் தொட முடியவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு மே 15 அன்று 43.5 கோடி யூரோ முழுசாகக் கட்டியது. ஒரே கடனாளி, ஒரே வருஷம். எந்த ஊர்ச் சட்டம் என்று சொல்லும் ஒற்றை வரி ஒருவருக்கு முழுப் பணத்தையும் இன்னொருவருக்குப் பாதிக்கும் குறைவாகவும் கொடுத்தது.

வழக்கில் ஜெயிக்கலாம், சரி. வசூலிப்பது எப்படி? நம்ம ஊரிலும் டிக்ரி வாங்குவது சுலபம், நிறைவேற்று மனுவில்தான் ஜீவன் போகும். நாட்டுக்கு அது பத்து மடங்கு. தூதரகக் கட்டடத்தைத் தொடக் கூடாது, மத்திய வங்கியின் கையிருப்புக்குத் தனிப் பாதுகாப்பு, போர்க்கப்பலுக்கும் அப்படியே. 2012 அக்டோபரில் அர்ஜென்டினாக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் 'லிபர்டாட்', மூன்று பாய்மரம் கட்டிய அழகான கப்பல், கானா நாட்டின் டெமா துறைமுகத்துக்கு வந்தது. கடன் பத்திரம் வைத்திருந்த ஒரு நிறுவனம் அந்த ஊர்க் கோர்ட்டில் உத்தரவு வாங்கி அதைக் கட்டிப் போட்டது. விலக்குரிமையை விட்டுக்கொடுத்துப் பத்திரத்தில் எழுதிய வரிதான் ஆதாரம். ஹாம்பர்க்கில் இருக்கும் கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பர் 15 அன்று 'போர்க்கப்பலைப் பிடிக்கக் கூடாது, விடு' என்றது. நாடு முழுக்க அவமானப்பட்டதைத் தவிர வசூல் ஒன்றுமில்லை.

ஆனால் கப்பலைப் பிடித்த அதே நிறுவனம் வேறொரு வழியில் ஜெயித்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அர்ஜென்டினா 2001 டிசம்பரில் கடன் கட்டுவதை நிறுத்தியது. அந்தக் காலம் வரை உலகம் கண்ட மிகப் பெரிய அரசுக் கடன் முறிவு அது. 8,000 கோடி டாலருக்கு மேல் பத்திரங்கள். 2005-லும் 2010-லும் பழைய பத்திரத்துக்குப் பதில் புதுப் பத்திரம் கொடுத்தது. டாலருக்கு 25 முதல் 30 சென்ட் மதிப்புத்தான். இரண்டு சுற்றிலும் சேர்த்து 93 சதவீதத்தினர் ஒத்துக்கொண்டார்கள். மீதி 7 சதவீதத்தினர் கெமிக்கல்காரர் போல நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றது பால் சிங்கர் என்பவரின் எலியட் நிறுவனத்தைச் சேர்ந்த என்.எம்.எல். கேப்பிட்டல். முறிந்த பத்திரங்களைச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்தது. இந்த மாதிரி நிறுவனங்களை வல்ச்சர் ஃபண்ட், பிணந்தின்னிக் கழுகு என்பார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது 'பாரி பாசு' என்ற ஷரத்து. லத்தீன் வார்த்தை, 'சம அடி வைத்து' என்று அர்த்தம். அர்ஜென்டினாவின் 1994 ஒப்பந்தத்தில் அது இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம்: இந்தப் பத்திரங்கள் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று சமம். இரண்டாவது: இந்தப் பத்திரங்களின் கீழ் பணம் கட்டும் கடமை, குடியரசின் மற்ற வெளிக் கடன்களுக்குக் குறையாத வரிசையில் இருக்கும். அவ்வளவுதான். சட்டத்தில் உன்னைக் கீழே தள்ள மாட்டேன் என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். மற்றவனுக்குக் கட்டும்போதெல்லாம் உனக்கும் கட்டுவேன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம். இந்த வரி எதற்காக இருக்கிறது என்று இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இத்தகைய ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்களிடமே ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒத்த பதில் வரவில்லை. முந்தைய ஒப்பந்தத்தில் இருந்தது, இதிலும் இருக்கிறது என்பதுதான் நிலவரம். நம்ம பத்திர எழுத்தர் பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்து 'மாவடை மரவடை' என்று எழுதுவது போல. காலி மனைக்கும் அதை எழுதுவார்கள்.

இதே எலியட் இந்த வரியை முதலில் பெரு நாட்டிடம் சோதித்துப் பார்த்திருந்தது. 1996-ல் 2 கோடியே 7 லட்சம் டாலர் பெரு கடனை 1 கோடியே 14 லட்சத்துக்கு வாங்கியது. 2000 செப்டம்பரில், பெரு மற்ற பத்திரதாரர்களுக்கு வட்டி கட்ட இருந்த சமயம், பிரஸ்ஸல்ஸில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், பணம் போகும் யூரோக்ளியர் என்ற வழியையே தடுக்க உத்தரவு வாங்கியது. எதிர்த்தரப்பு வாதம் கேட்காமலே கொடுத்த உத்தரவு. வட்டித் தவணை தவறினால் மொத்தக் கடனும் முறியும் என்பதால் பெரு பணிந்தது, ஏறக்குறைய 5.8 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. பெல்ஜியம் விழித்துக்கொண்டு 2004-ல் அந்த வழியைச் சட்டம் போட்டு அடைத்தது. உத்தி மட்டும் ஊர் மாறியது.

நியூயார்க்கில் நீதிபதி தாமஸ் கிரீசா 2012-ல் என்.எம்.எல்.லுக்குச் சாதகமாக உத்தரவு போட்டார். புதுப் பத்திரக்காரர்களுக்குத் தவணையை முழுசாகக் கட்டினால், அதே சமயம் இவர்களுக்கும் பாக்கியை முழுசாகக் கட்ட வேண்டும். இவர்களுடைய தவணை என்பது மொத்த அசலும் வட்டியும், சுமார் 133 கோடி டாலர். நியூயார்க் சட்டத்தில் பாக்கிக்கு வருஷத்துக்கு 9 சதவீதம் வட்டி கோர்ட்டே போடும் என்பதால் காத்திருப்பதில் நஷ்டமும் இல்லை. முக்கியமான விஷயம், உத்தரவு அர்ஜென்டினாவை மட்டும் கட்டவில்லை. அது அனுப்பும் பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் வங்கிகளையும் கட்டியது. கப்பலைப் பிடிக்க முடியாத கோர்ட், பணம் போகும் வாய்க்காலின் மதகைப் பிடித்துவிட்டது. கீழ்பவானிப் பாசனக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அணையில் தண்ணீர் இருந்தும் மதகு திறக்காவிட்டால் கடைமடை வயல் காய்ந்துதான் போகும்.

2014 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அர்ஜென்டினாவின் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. அர்ஜென்டினா 53.9 கோடி டாலரை நியூயார்க் மெலன் வங்கியில் புதுப் பத்திரக்காரர்களுக்காகச் செலுத்தியது. பணம் அங்கேயே உறைந்து கிடந்தது. ஜூலை 30 அன்று சலுகைக் காலம் முடிந்து, கையில் பணம் வைத்துக்கொண்டே அர்ஜென்டினா மறுபடி கடன் முறித்த நாடானது.

கேட்டதைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு ஷரத்து குறுக்கே நின்றது. 2005-ல் ஒத்துக்கொண்டவர்களுக்கு, '2014 டிசம்பர் 31 வரை வேறு யாருக்காவது நாங்களாக விரும்பி உங்களைவிட நல்ல பேரம் கொடுத்தால் உங்களுக்கும் அதையே தருவோம்' என்று எழுதிக் கொடுத்திருந்தது. விறகுக்காரர் கேள்விக்குப் பதிலாகப் போட்ட வரி அது. அந்த வாக்குறுதி இல்லாமல் அத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் அதே வரி 2014-ல் சமாதானத்துக்கே தடையாகிவிட்டது. தேதி தாண்டி, ஆட்சி மாறி, 2016-ல் புது அதிபர் மக்ரியின் அரசு நாலு பெரிய நிறுவனங்களுக்கு 465 கோடி டாலர் கொடுத்து முடித்தது. அதைக் கொடுப்பதற்கே புதிதாக 1,650 கோடி டாலர் கடன் வாங்கியது. 2017-ல் நூறு வருஷப் பத்திரம் கூட விற்றது. 2020-ல் அதையும் சேர்த்துத் திரும்ப மாற்றியமைக்க வேண்டி வந்தது.

இதில் என் நிலை என்ன என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். கடன் வாங்கினால் கட்ட வேண்டும். வழக்கே போட முடியாது என்று ஆனால் ஏழை நாட்டுக்கு யாரும் நியாய வட்டிக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து, அந்தப் பணத்தைத் தன் பக்கம் திருப்புவதை என்னால் கடன் வசூல் என்று ஏற்க முடியவில்லை. ஜாம்பியாவைப் பாருங்கள். 1979-ல் ருமேனியாவிடம் டிராக்டர் வாங்கக் கடன் வாங்கியது. 1999-ல் டோனகல் என்ற நிறுவனம் அந்தக் கடனைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு லண்டனில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007-ல் சுமார் 1.5 கோடி டாலர் கிடைத்தது. மற்ற நாடுகள் ஜாம்பியாவுக்குக் கடன் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தள்ளுபடிப் பணத்திலிருந்துதான் இது போனது. 2010-ல் பிரிட்டன், மிக ஏழை நாடுகளின் பழைய கடன்களுக்கு இப்படி முழுத் தொகை வசூலிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. வழக்குப் போடவே கடன் வாங்குவதைத் தடை செய்யும் பழைய சட்டம் நியூயார்க்கில் இருந்தது. 2004-ல் 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு அது பொருந்தாது என்று திருத்திவிட்டார்கள். பெரிய கழுகுக்குக் கதவு திறந்தது.

இனி இலங்கை. நாடு மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க முடியாத குறையை ஓரளவு தீர்க்க வந்தது 'பெரும்பான்மை ஷரத்து'. இத்தனை சதவீதம் பேர் ஒத்துக்கொண்டால் மீதிப் பேரையும் அது கட்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது. ஆங்கிலச் சட்டப் பத்திரங்களில் இது பழைய வழக்கம். நியூயார்க் சட்டத்தில் 2003-ல் மெக்ஸிகோ போட்ட பிறகுதான் பரவியது. அந்த முதல் தலைமுறை ஷரத்தில் ஒரு ஓட்டை: வாக்கு ஒவ்வொரு வரிசைப் பத்திரத்துக்கும், அதாவது ஒரே வெளியீட்டில் விற்ற பத்திரங்களின் தொகுப்புக்கும், தனித்தனி. ஒரு வரிசையில் 75 சதவீதம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால், அந்த ஒரு வரிசையில் 25 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கிக்கொண்டால் போதும், ஆட்டத்தையே நிறுத்திவிடலாம்.

இலங்கை 2012-ல் விற்ற 100 கோடி டாலர் பத்திரம் ஒன்று, 5.875 சதவீத வட்டி, 2022 ஜூலை 25 அன்று முதிர வேண்டியது, அந்த ரகம். ஏப்ரல் 12 அன்று இலங்கை கடன் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் மாசம் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவில் இருக்கும் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அதன் கையில் இருந்த பத்திரத்தின் முகமதிப்பு 25 கோடியே 1 லட்சத்து 90 ஆயிரம் டாலர். இந்தத் தொகையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். 100 கோடியில் கால் பங்கு 25 கோடி. அதற்கு மேலே 1 லட்சத்து 90 ஆயிரம். தற்செயலாக இப்படி ஒரு எண் அமையாது. ஷரத்தைப் படித்துப் பார்த்து அளந்து வாங்கிய அளவு அது.

நீதிபதி டெனிஸ் கோட் வழக்கைப் பல தடவை நிறுத்தி வைத்தார். மற்றக் கடன்காரர்களுடன் பேச்சு முடியட்டும் என்று இலங்கை கேட்டது. அமெரிக்க, பிரிட்டன், பிரெஞ்சு அரசுகளே அதற்கு ஆதரவாகக் கோர்ட்டில் மனு கொடுத்தன. 2024 டிசம்பரில் சுமார் 1,255 கோடி டாலர் பத்திரங்களில் 98 சதவீதம் போலப் புதுப் பத்திரமாக மாறியது. ஹாமில்டன் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வரிசை அந்த வண்டியில் ஏறவில்லை. புதுப் பத்திரங்களில் ஒரு புதுமை உண்டு. இலங்கையின் பொருளாதாரம் 2025 முதல் 2027 வரை எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்து, 2028-லிருந்து கட்ட வேண்டிய தொகை கூடும் அல்லது குறையும். விளைச்சலைப் பார்த்துக் குத்தகை வாங்குவது போல. இதிலும் எப்போதாவது வழக்கு வரும் என்றே நினைக்கிறேன். வளர்ச்சியோடு கடனைக் கட்டிப் போட்ட பத்திரத்தில் அர்ஜென்டினா ஜி.டி.பி. கணக்கிடும் அடிப்படை வருஷத்தை மாற்றியது என்று லண்டன் கோர்ட் 2023-ல் அதற்கு எதிராக 133 கோடி யூரோ அளவுக்குத் தீர்ப்பளித்தது. கணக்கை யார் எழுதுவது என்பதையும் ஷரத்தில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஓட்டை 2014-க்குப் பிறகு வந்த பத்திரங்களில் பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்டது. எல்லா வரிசைகளையும் ஒரே பானையில் போட்டு மொத்தமாக 75 சதவீதம் எண்ணும் முறை வந்தது. பாரி பாசு என்றால் 'சேர்ந்தே கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை' என்றும் இப்போது வெளிப்படையாக எழுதுகிறார்கள். பழைய பத்திரங்கள் முதிர்ந்து முடியும் வரை பழைய வம்பும் இருக்கும்.

நமக்கு வருமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இந்திய அரசு இதுவரை வெளிநாட்டுச் சந்தையில் டாலர் பத்திரம் விற்றதில்லை. 2019 பட்ஜெட்டில் விற்கப்போவதாக அறிவித்தார்கள். பல பொருளாதார அறிஞர்கள் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. நம் அரசுக் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், இந்தியச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் வாங்கியது. 2024 ஜூனில் ஜே.பி. மார்கன் என்ற அமெரிக்க வங்கி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்பற்றும் தன் கடன்பத்திரக் குறியீட்டில் இந்தியப் பத்திரங்களைச் சேர்த்த பிறகு வெளிநாட்டுக்காரர்களும் கூடுதலாக வாங்குகிறார்கள், ஆனால் அவர்களும் நம்ம சட்டத்துக்குள் வந்துதான் வாங்க வேண்டும். உலக வங்கி, ஜப்பான் போன்ற இடங்களில் வாங்கிய அந்நியக் கடன் வேறு. அவை கழுகு கையில் சந்தை விலைக்குப் போகும் பத்திரங்கள் அல்ல. மாநில அரசுகள் அரசியல் சட்டத்தின் 293-வது பிரிவுப்படி நாட்டுக்குள் மட்டுமே நேரடியாகக் கடன் வாங்க முடியும். தமிழ்நாடு அரசின் மேல் நியூயார்க்கில் இப்படி ஒரு வழக்கு வர இன்றைக்கு வழியில்லை.

இதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1991-ல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை வந்தபோது ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்துத்தான் தவணை தவறாமல் தப்பித்தோம். டாலர் பத்திரம் விற்பது பற்றி மறுபடி பேச்சு வரலாம், வட்டி குறைவாக இருக்கிறதே என்று சொல்வார்கள். அன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் வட்டி எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்த ஊர்ச் சட்டம், எத்தனை சதவீத வாக்கு, எந்த வங்கி வழியாகப் பணம் போகும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

அந்த விறகுக்காரருக்கு 18 மாசத்தில் வர வேண்டிய 40 பைசா முழுசாக வந்து சேர்ந்தது. கடைசித் தவணை மட்டும் இரண்டு மாசம் தாமதம்.